வாசகர் கேள்வி – பதில்: ஊர் முன்பள்ளிக்கு எதை முதலில் வாங்குவது?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணக் கிராமங்களில் வேலை செய்யும் இலாப நோக்கற்ற அமைப்புகள், முன்பள்ளிகள், வீட்டுப் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளில் எட்டுக்கு இம்முறை பதில் தருகிறோம். பதில் எழுதியவர்கள் கிராம முன்பள்ளிகளுக்குத் துணைநிற்கும் குழுவினர்.

எங்கள் சனசமூக நிலைய முன்பள்ளிக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பணம் அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். நிலத்துக்கு ரைல்ஸ், சுவரில் பெரிய தொலைக்காட்சி, முற்றத்தில் பிளாஸ்ரிக் சறுக்கியும் ஊஞ்சலும் என்று பட்டியல் போட்டுள்ளோம். திருத்தம் உண்டா?
— செயலாளர், அளவெட்டி

உண்டு. பட்டியலில் ஆசிரியைகளைக் காணவில்லை. அவர்களைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.

நம் ஊர்களில் முன்பள்ளி ஆசிரியைக்குப் பெற்றோர் கொடுக்கும் மாதக் காசும் சிறிய ஊக்குவிப்புக் கொடுப்பனவும்தான் வருமானம். கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ கூடுதலாகக் கிடைத்தால் அவர் போய்விடுவார். அதில் தவறு சொல்ல முடியாது. மூன்று வயதுப் பிள்ளை ஒரு முகத்தை நம்பி, அழுகையை நிறுத்தி, வாய் திறந்து பேசத் தொடங்க இரண்டு மூன்று மாதம் எடுக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை ஆசிரியை மாறும் முன்பள்ளியில் பிள்ளைகள் அந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே வரும் பணத்தில் முதலாவதாக, இருக்கும் ஆசிரியைகளின் ஒரு வருடக் கொடுப்பனவை வங்கியில் ஒதுக்குங்கள். ஒருவரிடம் 15 பிள்ளைகளுக்கு மேல் விடாதீர்கள். 30 பேர் இருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது மற்றவர் வகுப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கழிப்பறையும் கை கழுவும் இடமும். குழாய் தரையிலிருந்து 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும். பெரியவர்களின் உயரத்தில் பூட்டினால் ஆசிரியைதான் ஒவ்வொருவரையும் தூக்கிப் பிடிக்க வேண்டி வரும். ஒரு வாரத்தில் கை கழுவும் பழக்கமே நின்றுபோகும்.

மூன்றாவது மணல். 2 மீற்றருக்கு 3 மீற்றர் குழி, 35 சென்ரிமீற்றர் ஆழம். அதற்கு முக்கால் கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) மணல் போதும். அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள். வெயில் நேரே விழாத வேப்பமர நிழலில் அமையுங்கள். இரவில் பூனை வந்து மலம் கழிக்கும், அதிலிருந்து பிள்ளைகளுக்குப் புழுத்தொற்று வரும். எனவே பழைய மீன்வலையை இரட்டையாக மடித்து மூடிவிடுங்கள். தறப்பாள் போட்டால் ஈரம் தங்கி மணல் நாறும். வலைக்குள் வெயிலும் காற்றும் போகும்.

நான்காவது மரக்கட்டைகள். தச்சுப்பட்டறையில் மிஞ்சும் வேப்பந்துண்டு போதும். 3.5 × 7 × 14 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டை. அதன் பாதி நீளத்தில் சில, இரட்டை நீளத்தில் சில. தடிப்பு, அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்று இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்போதுதான் இரண்டு சின்னது ஒரு பெரியதற்குச் சமன் என்பதைப் பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கும். அளவு பிசகினால் கோபுரம் சரியும், பிள்ளை அலுத்துப் போய் எறிந்துவிடும். 20 பிள்ளைகளுக்கு 200 துண்டாவது வேண்டும். விளிம்புகளை அரத்தாளால் தேய்த்தால் போதும், வர்ணம் வேண்டாம்.

ரைல்ஸ் மாரியில் வழுக்கும். சீமெந்துத் தரையும் பாயும் நல்லது. ஊஞ்சலும் சறுக்கியும் கடைசியில் வரட்டும். அப்போதும் 1.2 மீற்றருக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே 30 சென்ரிமீற்றர் தளர்ந்த மணல் இருக்க வேண்டும். தகரச் சறுக்கி பத்து மணிக்கே சுடும். பிளாஸ்ரிக் சில வருட வெயிலில் வெடித்துக் கூராகும். தொலைக்காட்சியை வெட்டிவிடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கான ஓர் அமைப்பை நாங்களே தொடங்க நினைக்கிறோம். எங்கே பதிவது?
— வாசகர், சாவகச்சேரி

ஒரு ஊருக்குள் மட்டும் வேலை செய்வதானால் புதிய அமைப்பு தேவையில்லை. ஏற்கெனவே உள்ள சனசமூக நிலையம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் ஓர் உபகுழுவாகத் தொடங்குங்கள். பல ஊர்களில் வேலை, வெளியார் நிதி என்று வளர்ந்தால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டும். வழி கேட்கப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கேயே முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். முன்பள்ளி நடத்துவதானால் உங்கள் வலயக் கல்விப் பணிமனையிலும் கதைக்க வேண்டும். உங்களுக்கு அது தென்மராட்சி வலயம்.

வங்கிக் கணக்குக்கு மூன்று கையொப்பக்காரர், அதில் இருவர் ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பொருட்பதிவேடு ஒன்று தனியாக வேண்டும். இப்படியான அமைப்புகள் பெரும்பாலும் சண்டையால் உடைவதில்லை. மூன்று வருடத் திட்டம் முடிந்து நிதி நின்ற மாதத்தில்தான் உடைகின்றன. முதல் வருடத்திலிருந்தே வருகிற நிதியில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆறு மாதக் கொடுப்பனவு எப்போதும் கையில் இருக்கும்படி பாருங்கள்.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அ, ஆ எழுதப் பழக்கவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்து நேர்சரியில் கொப்பி நிரப்பி அனுப்புகிறார்களாம். நான் என்ன செய்ய?
— முன்பள்ளி ஆசிரியை, வேலணை

நீங்கள் செய்வதுதான் சரி. ஆனால் “பிறகு எழுதும்” என்று சொன்னால் பெற்றோர் கேட்க மாட்டார்கள். காரணத்தைக் காட்ட வேண்டும்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அதைவிட முக்கியம் தோளும் விரலும். தோள் உறுதியாக நிற்காத பிள்ளை பென்சிலை முட்டியால் பிடித்து முழுக் கையையும் அசைத்து எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். இரண்டாம் வகுப்பில் “கை நோகுது” என்று எழுத மறுக்கும் பிள்ளைகளில் பலர் இப்படி அவசரத்தில் பிடித்த பென்சிலை இன்னும் விடாதவர்கள்.

ஒழுங்கு இதுதான். முதலில் தோள்: கயிற்றில் தொங்குதல், வாளியில் தண்ணீர் தூக்குதல், சுவரில் தண்ணீரும் தும்புத் தூரிகையும் கொண்டு “பெயின்ற்” அடித்தல். பிறகு உள்ளங்கை: மா பிசைதல், துணி பிழிதல், தேசிக்காய் பிழிதல். பிறகு விரல் நுனி: பயற்றில் கல் பொறுக்குதல், பூக் கோர்த்தல், உடுப்புக் கிளிப்பைக் கயிற்றில் குத்துதல். நாலு வயது தாண்டியவர்களுக்கு ஈர்க்கைக் குரும்பட்டியில் குத்தித் தேர் கட்டக் கொடுங்கள். அந்த ஒரு வேலையில் பிடி, அழுத்தம், அளவு மூன்றும் பழகும். கடைசியில் கோடு: மணலில் விரலால் நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, வட்டம், பிறகு சாய்ந்த கோடு. சாய்ந்த கோடு தான் கடைசியில் வரும். அது வராமல் பெருக்கற் குறியோ முக்கோணமோ கேட்காதீர்கள்.

எழுத்து என்று வரும்போது அ-வில் தொடங்க வேண்டியதில்லை. வரிசையில் முதல் என்றாலும் கைக்கு அது கடினமான எழுத்து: சுழி, வளைவு, நிமிர்கோடு எல்லாம் ஒன்றில் இருக்கின்றன. ட, ப நேர்கோட்டில் வரும், அவற்றில் தொடங்கலாம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கி அரிசியில் அ எழுதுவது நல்ல தொடக்கம், அதைக் கைவிட வேண்டாம். அன்று பெரியவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுகிறார். அடுத்த நாளே பிள்ளை தானாக எழுத வேண்டும் என்று அந்தச் சடங்கு கேட்கவில்லை.

பெற்றோருக்குக் காட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைல் வையுங்கள். மாதம் ஒரு தடவை “அம்மாவைக் கீறு” என்று சொல்லி, திகதியிட்டுப் போடுங்கள். தலையிலிருந்தே கால் முளைத்த உருவம் நாலு மாதத்தில் வயிறும் விரலும் கொண்ட ஆளாக மாறுவதைப் பார்த்த தாய் கொப்பி கேட்பதில்லை. அந்தப் படங்களைத் தவணைக் கூட்டத்தில் கதிரையில் அடுக்கி வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

விளையாட்டுப் பொருள் வாங்கக் காசில்லை. ஊரில் கிடைப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்?
— மாதர் சங்க உறுப்பினர், காரைநகர்

பனங்காய் வண்டில், சிரட்டை, தென்னோலைக் காற்றாடி, பனையோலைக் கிலுகிலுப்பை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றைத் திருப்பிச் சொல்லாமல், பிழைக்கும் இடங்களைச் சொல்கிறோம்.

விளையாட்டு மா: 2 கப் கோதுமை மா, 1 கப் தூள் உப்பு, 1 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், முக்கால் கப் வெந்நீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகச் சேருங்கள். நிறத்துக்கு மஞ்சள் அல்லது பீற்றூட் சாறு. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும், பீற்றூட் கலந்தது முன்னதாகப் புளிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் உப்பு ஈரம் இழுத்து ஒட்டும். ஒரு பிடி மா தூவிப் பிசையுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், வாயில் போடும், உப்பு அதிகம்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் 3.2 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் அடங்கும் எதுவும் இருக்கக் கூடாது. புளியங்கொட்டை, மஞ்சாடி, சோகி எல்லாம் மூச்சுக்குழாயில் போகும் அளவு. எண்ணிப் பழக அவர்களுக்குச் சிரட்டையைக் கொடுங்கள்.

குன்றிமணியை எந்த வயதிலும் எண்ணக் கொடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும். தோல் உடைந்து கடிபட்டால் ஒன்றிரண்டே உயிராபத்து. அதேபோல் மஞ்சள் அலரி. வேலிக்கும் பூசைப் பூவுக்கும் என்று நட்டிருப்பார்கள். அதன் காய் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. முன்பள்ளி வளவில் ஒரு மரம் நின்றாலும் இந்த வாரமே கிண்டி எடுங்கள். தறித்தால் திரும்பத் துளிர்க்கும்.

மகனுக்கு ஒரு வயது. கிளினிக் கொப்பியில் இரண்டு மாதமாக நிறைக்கோடு ஏறவில்லை. மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிறான். பிறகும் ஏன்?
— ஒரு தாய், பருத்தித்துறை

“குடிக்கிறான்” என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. ஒரு வயதில் இரைப்பை ஒரு கிலோ நிறைக்கு 30 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். 8 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிலீற்றர், ஒரு கப். அந்த ஒரு கப்பைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், நிறை ஏறாது. கரண்டியில் எடுத்துச் சரித்தால் உடனே வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆறாம் மாதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தில் ஒவ்வொரு வேளையும் அரைக் கப், ஒரு வயதில் முக்கால் முதல் ஒரு கப். நாளுக்கு மூன்று நாலு வேளை, இடையில் ஒரு சிற்றுணவு. தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரட்டும்.

புட்டையோ இடியப்பத்தையோ பாற்சொதியில் குழைத்து, முள் எடுத்த மீனையும் முருங்கையிலையையும் மசித்துச் சேருங்கள். மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். ஒரு முட்டை கிடைக்கும் நாள் நல்ல நாள். பயறோ பருப்போ சேர்க்கும் வேளையில் சில துளி தேசிப்புளி விட்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். தேநீர் அதற்கு நேர்மாறு, இரும்பைத் தடுக்கும். பிள்ளைக்குப் பால்தேத்தண்ணி பழக்கியிருந்தால் நிறுத்துங்கள்.

கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா தந்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும். ஒரு பைக்கற் 750 கிராம், நாளுக்கு 50 கிராம் வீதம் 15 நாள். வீட்டில் நாலு பேர் பங்குபோட்டால் நாலு நாளில் முடியும், கோடு அப்படியே கிடக்கும். வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கும் பசி என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல, அவர் அறிந்திருக்க வேண்டிய தகவல்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். 11.5க்குக் கீழ் என்றால் அன்றே வைத்தியசாலை.

முன்பள்ளியில் 20 பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்க அளவு சொல்லுங்கள்.
— பெற்றோர் சங்கம், நெடுந்தீவு

அரை கிலோ சிவப்புப் பச்சையரிசி, 300 கிராம் வறுத்துக் கோது நீக்கிய பயறு, ஐந்தரை லீற்றர் தண்ணீர், ஒரு பெரிய தேங்காயின் பால், இரண்டு பிடி முருங்கையிலை, உப்பு. ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு கப் வரும். பயற்றை முதலில் பாதி அவித்து, பிறகு அரிசியைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் அரிசி கரைந்து பயறு அவியாமல் நிற்கும். தேங்காய்ப் பாலை இறக்கும்போது விடுங்கள். பத்து மணிக்குப் பரிமாறுவதானால் எட்டரைக்கு அடுப்பு எரிய வேண்டும். முதல் நாள் மிச்சத்தைச் சூடாக்கிக் கொடுக்கவே கூடாது. கச்சான் சேர்த்தால் முழுதாகப் போடாமல் இடித்துப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானைப் பொறுக்கிப் பாவிக்க வேண்டாம், அந்தப் பையையே எறியுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, சுன்னாகம்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரே வேண்டாம். இந்தக் கேள்வி மாப்பால் கரைக்கும் வீடுகளுக்குத்தான் முக்கியமாகிறது. நமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் நிற்கிறது. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலக்குழிக் கசிவும் வடிபடாமல் கிணற்றில் இறங்கும். அதனால் வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அது செறிவாகவே ஆகும். மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். கூடுதலாக இருந்தால் குழந்தையின் பாலுக்கு மட்டுமாவது சுத்திகரித்த நீர் வாங்குங்கள்.

முன்பள்ளி வளவில் கிணறு இருந்தால் கட்டு ஒரு மீற்றராவது உயரமாகவும், மேலே பூட்டுப் போட்ட கம்பிவலை மூடியுடனும் இருக்க வேண்டும். துலாக் கயிற்றையும் வாளியையும் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் எடுத்து வையுங்கள்.

எங்கட பேத்திக்கு இரண்டரை வயசு. இன்னும் “அம்மா”, “தா” எண்டு இரண்டு சொல்லுத்தான். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் போனைக் குடுத்துத்தான் சாப்பாடு தீத்திறன். அவளின்ர தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர். பொறுத்திருக்கலாமோ?
— ஒரு அம்மம்மா, கொடிகாமம்

பொறுத்திருக்க வேண்டாம் அம்மா. ஒன்றரை வயதில் சில சொற்கள், இரண்டு வயதில் “பால் தா”, “அப்பா வா” என்று இரண்டு சொல் சேர்த்து வர வேண்டும். இரண்டரையில் அது வரவில்லை என்றால் பார்க்கத்தான் வேண்டும். தகப்பன் பிந்திக் கதைத்தவர் என்பதையும் அங்கே சொல்லுங்கள், அது அவர்களுக்கு உதவும் தகவல். காத்திருக்க அது காரணம் ஆகாது.

முதலில் காது. பின்னுக்கு நின்று, அவள் பார்க்காதபோது மெதுவாகப் பேரைச் சொல்லிப் பாருங்கள். திரும்பினாலும் முறையான காதுப் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் சில ஒலிகள் மட்டும் கேளாமல் இருக்கலாம். அடிக்கடி சளியும் காதுவலியும் வரும் பிள்ளைக்கு உள்ளே நீர் தேங்கி, தண்ணீருக்கடியில் கேட்பதுபோல்தான் பேச்சுக் கேட்கும். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் கடிதம் எடுங்கள். இந்த மாதத்துக் கிளினிக்கிலேயே கேளுங்கள். முன்பு சொன்ன சொற்கள் மறைந்து போயிருந்தால், அல்லது கண்ணைப் பார்க்காமல், விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

போன். இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போன் பேசும், ஆனால் அவள் சொன்னதற்குப் பதில் சொல்லாது. பேச்சு வருவது அந்தப் பதிலில்தான். சாப்பாட்டு நேரப் போனை ஒரே நாளில் பறித்தால் நாலைந்து நாள் சாப்பிட மாட்டாள். காலைச் சாப்பாட்டில் மட்டும் முதலில் நிறுத்துங்கள், ஒரு கிழமை கழித்து மத்தியானம். முற்றத்தில் கோழியையும் காகத்தையும் காட்டித் தீத்துங்கள், அல்லது அவளையே பிசைந்து சாப்பிட விடுங்கள். சிந்தட்டும்.

கதைக்கும் முறை இது. அவள் பார்ப்பதைப் பார்த்து, அதன் பேரைச் சொல்லுங்கள்: “காகம்.” பிறகு வாய் மூடி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். அந்தப் பொறுமைதான் கடினம். பெரியவர்கள் நாங்கள் மூன்றில் குறுக்கே பேசிவிடுவோம். அவள் “கா” என்றால் “ஓம், காகம் பறக்குது” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். “காகம் எண்டு சொல்லு, சொல்லு” என்று வற்புறுத்தினால் வாயை மூடிக்கொள்வாள். தண்ணீர்ப் போத்தலையும் மாம்பழத்தையும் அவளுக்குத் தெரியும்படி, எட்டாத உயரத்தில் வையுங்கள், கேட்க ஒரு தேவை வரும். கையை நீட்டினாலே கொடுங்கள், கொடுக்கும்போது பேரைச் சொல்லிக் கொடுங்கள். நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போதும். புதிதாக வரும் சொல்லைத் திகதியோடு கிளினிக் கொப்பியின் பின் ஒற்றையில் எழுதி வையுங்கள். கடிதத்தோடு போகும் நாளில் சிகிச்சையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.